டயரில் ஒரு பிரிமொழிச் சிலேடை

ஸ்கோடா கார்கள் பலவற்றில் எரிபொருள் மூடியின் உட்புறம் உறைபனி சுரண்டும் தகடு ஒன்று செருகப்பட்டிருக்கும். டயரின் தேய்வை அளக்கும் கோடுகளையும் அதிலேயே வைத்தார்கள். சாமர்த்தியந்தான். சிவகாசியை அடுத்த நாரணாபுரத்து வெயிலில் நின்று பார்த்தால் அதில் பாதிச் சாமர்த்தியம் நமக்கு உதவாது.

ஒன்றே இரண்டாவது, தமிழ் படித்த நமக்குச் சிலேடை. தண்டியலங்காரம் அதைச் செம்மொழி, பிரிமொழி என வகுக்கும். சொல் பிரியாமலே இருபொருள் தருவது முன்னது; பிரித்தால் வேறுபொருள் தருவது பின்னது. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ் செம்மொழிக்குச் சான்று. சக்கரத்தைச் சுழற்றும் மின்மோட்டாரே, வேகம் குறைகையில் சக்கரத்தால் சுழற்றப்பட்டு மின்சாரம் தந்து பேட்டரியை நிரப்புகிறது.

பிரிமொழிக்கு நம் கரிசல் காட்டு டயர் செருப்பு. ஓடித் தேய்ந்த டயரை அறுத்துத் தைத்தது. கருவேலமுள் எளிதில் ஏறாது. இதை இல்லாமையின் ஒட்டுவேலை என்று ஒதுக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. டயரின் எந்தப் பகுதி அடிக்கு, எது வாருக்கு என்று கண்டதும் வடிவமைப்பே அல்லவா? தகட்டுக்கு விளம்பரம் உண்டு; செருப்பைக் கண்டவருக்குப் பெயர்கூட இல்லை.

இப்போது அந்தச் செருப்புக்கும் சிக்கல். நைலான் இழை டயர் கத்திக்கு இணங்கும். ரேடியலிலோ எஃகுக் கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. கத்தி மழுங்கும், கம்பிமுனை காலைக் குத்தும். காருக்கு ரேடியல்தான் நல்லது, மறுக்கவில்லை. செருப்புக்கான டயரை இனி டிராக்டர்களிலும் பழைய லாரிகளிலும்தான் தேட வேண்டும்.