கார் திடீர்னு திணறுதா? ஃப்யூயல் பம்ப் தரும் எச்சரிக்கைகளைத் தவறவிடாதீங்க!

வெள்ளிக்கிழமை இரவு. சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பியாச்சு. திண்டிவனம் தாண்டி, முன்னால் போகும் லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை மிதித்தால்... வண்டி இழுக்கவில்லை. இரண்டு முறை குலுங்கி, இன்ஜின் அணைந்துவிடுகிறது. பின்னால் ஹார்ன் அடித்தபடி ஆம்னி பஸ் வந்துகொண்டிருக்கிறது.

ஃப்யூயல் பம்ப் கைவிட்டால் இப்படித்தான் ஆகும். ஆனால், அது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நிற்பதில்லை. சில வாரங்களுக்கு முன்பே அறிகுறி காட்டத் தொடங்கிவிடும். 'பெட்ரோல் சரியில்லைபோல' என்று தள்ளிப்போடுவதுதான் நடுரோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இது எங்கே இருக்கிறது?

இன்றைய பெட்ரோல் கார்களில் ஃப்யூயல் பம்ப், டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஒரு சின்ன எலெக்ட்ரிக் மோட்டார். பல கார்களில் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். டேங்கில் இருக்கும் பெட்ரோலை அழுத்தத்தோடு இன்ஜினுக்கு அனுப்புவது இதன் வேலை. வழக்கமான எம்.பி.எஃப்.ஐ இன்ஜின்களுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 பார் அழுத்தம் தேவை. அது குறைந்தால் இன்ஜின் திணறும்.

கவனிக்க வேண்டிய 5 அறிகுறிகள்

1. முன்பு ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆன கார், இப்போது ரொம்ப நேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகும்.

2. மேம்பாலம், மலைப்பாதை ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் இழுவை இருக்காது. சமதளத்தில் மெதுவாகப் போனால் பிரச்னையே தெரியாது.

3. ஒரே வேகத்தில் போகும்போது இன்ஜின் விட்டுவிட்டுக் குலுங்கும்.

4. பின்சீட் பக்கமிருந்து 'ங்ஙீ...' என்று சத்தம் அதிகமாகக் கேட்கும்.

5. மதிய வெயிலில் நின்றுபோகும் கார், அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நன்றாக ஓடும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஏசி, மியூசிக் சிஸ்டத்தை அணைத்துவிட்டு, பின்சீட்டில் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பல கார்களில் ஓரிரு விநாடிகள் 'ஸ்ஸ்' என்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். வழக்கமாகக் கேட்கும் சத்தம் இப்போது கேட்கவில்லை என்றால், பம்புக்கு கரன்ட் வரவில்லை அல்லது பம்ப் ஓடவில்லை என்று அர்த்தம். சத்தம் கேட்டாலே பம்ப் நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. ஓடினாலும் போதிய அழுத்தம் கொடுக்காமல் இருக்கலாம்.

உடனே பம்பை மாற்ற வேண்டாம்!

பம்பை முழு செட்டாக மாற்றினால் பில் ஆயிரக்கணக்கில் வரும். ஆனால், இதே அறிகுறிகளைச் சின்னச் சின்ன கோளாறுகளும் காட்டும். ஃப்யூஸ் போயிருக்கலாம், ரிலே பழுதாகியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், வயர் கனெக்டரில் துரு பிடித்திருக்கலாம். கிராங்க் சென்சார் கெட்டாலும், சூடானதும் நின்று ஆறியதும் ஓடும்.

அதனால் சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தீர்களா?' என்பதுதான். அதில் அழுத்தம் குறைவாகக் காட்டினால் ஃபில்டர், பம்புக்கு வரும் வோல்டேஜ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சரி என்றால்தான் பம்ப் மீது சந்தேகப்பட வேண்டும். பம்பை மாற்றும்போது, உறிஞ்சும் முனையில் இருக்கும் வலையையும் மூடியின் ரப்பர் சீலையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டேங்கின் அடியில் அழுக்கு இருந்தால் சுத்தம் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பம்பும் சீக்கிரம் போய்விடும். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கம்பெனியே இலவசமாக மாற்றித் தரும் வாய்ப்பும் உண்டு. 2024 அக்டோபரில் ஹோண்டா நிறுவனம், ஃப்யூயல் பம்ப் கோளாறுக்காக இந்தியாவில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கார்களைத் திரும்ப அழைத்தது. உங்கள் காருக்கு இப்படி அறிவிப்பு இருக்கிறதா என்று, சேஸிஸ் நம்பரை வைத்து நிறுவனத்தின் இணையதளத்திலோ டீலரிடமோ கேட்டுப் பாருங்கள்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே டேங்கைத் திறக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். லைனில் அழுத்தத்தோடு நிற்கும் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். ஒரு சின்னப் பொறி போதும், ஆவி தீப்பிடித்துவிடும்.

500 ரூபாய் பெட்ரோல் பழக்கம்

ஓடும்போது சூடாகும் பம்ப் மோட்டாரைக் குளிர்விப்பதும், உராயாமல் காப்பதும் பெட்ரோல்தான். ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுவது, 500 ரூபாய்க்குப் போட்டுச் சமாளிப்பது என்றே பழகினால் பம்ப் சூட்டில் வேகும். பெட்ரோல் முழுக்கத் தீர்ந்துபோய் பம்ப் வறண்டு ஓடுவது இன்னும் மோசம். கால் டேங்குக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிவிடுவது நல்லது.

ஓடும்போதே நின்றுவிட்டால்?

இன்ஜின் அணைந்ததும் ஸ்டீயரிங் கனமாகும். பிரேக்குக்கு உதவும் விசை ஓரிரு மிதிகளுக்கு மட்டுமே மிச்சமிருக்கும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். கார் உருளும்போது சாவியை எடுத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். ஹசார்டு விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரையும் சாலைப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கவைக்கவும். எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 எண்ணை அழைக்கலாம்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும் முன், டயரில் காற்று பார்ப்பதோடு சாவியை 'ஆன்' செய்து அந்த இரண்டு விநாடி சத்தத்தையும் கேட்டுவிடுங்கள்!