முழங்கால் வலிக்கு மாத்திரை மட்டும் போதாது; இடுப்பையும் அளந்து பார்க்க வேண்டும்

தானா ராத்தா – ‘சமநிலம்’ என்று பொருள்படும் தானா ராத்தாவைத் தாண்டினால், கேமரன் மலையில் சமமான நிலம் குறைவு. 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்கள் உட்பட, இங்குள்ள தேயிலைக் காடுகள் சரிவுகளில்தான் உள்ளன. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இங்கே கடைக்குப் போய் வருவதே பெரிய வேலையாகிவிடுகிறது.

இந்த வலியை வயதின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 52.6 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது. இந்தியர்களிடையே இது 68.3 விழுக்காடு. எல்லா இனங்களிலும் நாம்தான் முதலிடம்.

வயிற்றுக் கொழுப்பு இரண்டு வழிகளில் மூட்டைப் பாதிக்கிறது. ஒன்று, சுமை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. மற்றொன்று, அந்தக் கொழுப்பிலிருந்து சுரக்கும் பொருள்கள் உடலில் அழற்சியைத் தூண்டுகின்றன.

வலி வந்ததும் பலர் நடப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கொழுந்து பறித்த காலத்தில் உழைப்பில் கரைந்த சோறும் இனிப்புத் தேநீரும், வேலையை விட்ட பிறகு இடுப்பில் சேர்கின்றன. தொடைத் தசை வலுவிழக்கிறது. நாற்காலியிலிருந்து எழவே கை ஊன்ற வேண்டியதாகிறது.

இதை மாற்ற முடியும். முழங்கால் தேய்மானத்துடன் கூடுதல் எடையும் கொண்ட 454 பேரிடம் அமெரிக்காவில் 18 மாதம் நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு, இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட வலி குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்வதும் எளிதானது.

வீட்டில் ஓர் அளவு நாடா போதும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே மலேசிய வரம்பு. அதைத் தாண்டினால் சீனியையும் சோற்றையும் குறைக்கலாம். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியைத் தொடங்கலாம். வீக்கமோ கடும் வலியோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆனால், எல்லாப் பொறுப்பையும் நோயாளியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. மலையின் மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. நடக்க முடியாதவரை மாதந்தோறும் அங்கே வரச் சொல்வதைவிட, உடற்பயிற்சி சிகிச்சையாளர் தோட்ட மண்டபத்துக்கு வருவதே பலன் தரும். கோயில் நிர்வாகமும் தோட்ட நிர்வாகமும் இடம் தந்தால், அதற்குப் பெரிய செலவும் ஆகாது.