கோடு போட்டால் போதாது

சென்னையின் பெரிய சாலை எதிலும் காலை எட்டரை மணிக்கு வரிக்குதிரைக் கோட்டருகே நின்று பாருங்கள். பேரனின் பள்ளிப் பையைத் தோளில் மாட்டிய பாட்டி, ஒரு கையில் அவனைப் பிடித்தபடி மறு கையை உயர்த்திக் காட்டுகிறார். ஒரு பைக் தயங்குகிறது. பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் அதையும் விரட்டிவிடுகிறது.

இத்தகைய பாதசாரிக் கடவையில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள். நடப்போருக்கு முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றது. விதியும் கொள்கையும் இருக்கின்றன; குறை சாலையின் அமைப்பில்தான் இருக்கிறது.

ஆறு வழிச் சாலையின் அகலம் சுமார் 21 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கே கடக்க 17, 18 நொடி பிடிக்கும். முழங்கால் வலியுள்ள முதியவருக்கு அரை நிமிடம்கூட ஆகலாம். பச்சை விளக்கின் நேரத்தை அவரை வைத்தே கணக்கிட வேண்டும். நடுவில் நின்று மூச்சுவிட அகலமான இடைத்திட்டும் வேண்டும்.

சிக்னல் இல்லாத இடங்களில் கடவையையே நடைபாதை உயரத்துக்கு மேடையாக்கலாம். ஓட்டுநர் மனம் வைக்காவிட்டாலும் வண்டி வேகம் குறைந்தே தீரும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மோதினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 50ஐத் தாண்டினால் ஆபத்து பல மடங்கு. கடவையை ஒட்டி ஷேர் ஆட்டோக்கள் நிற்பதையும் தடுக்க வேண்டும். அவற்றின் மறைவிலிருந்து இறங்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படுவதே இல்லை.

நடை மேம்பாலம் கடவைக்கு மாற்றல்ல. படியேற முடியாதவர்களுக்குத்தான் கடவை மிகவும் தேவை.

பள்ளி, மருத்துவமனை வாசல்களில் உள்ள கடவைகளை மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல் துறையும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். பள்ளிகள் மீண்டும் திறக்கும் ஜூனுக்குள் வேலை முடியட்டும்.