மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

நேற்றுக் காலை நடை முடிந்து பல்கலைக்கழக மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது ஒரு மனு கைக்கு வந்தது. வளாகத்தில் திரியும் பூனைகளைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும், அவற்றுக்குச் சோறு வைக்கும் மாணவர்களைத் தடுக்க வேண்டும் என்று துணைவேந்தருக்கு எழுதியிருந்தார்கள். நம் நடைக்கூட்டத்தார் அநேகமாக எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"எப்போதிலிருந்து சார் உங்களுக்குப் பூனைப் பாசம்?" என்று ஒருவர் சிரித்தார். பாசமெல்லாம் இல்லை. பூனை குறுக்கே போனால் இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்று போகிற ஆள்தான் நான். காரணம் வேறு.

இதே வளாகத்தில் நான் உத்தியோகத்தில் இருந்தபோது இதே மாதிரி ஒரு மனு வந்தது. குறிப்பெழுதி, கோப்பை மேலே அனுப்பி, உத்தரவு வாங்கியவன் நான். ஆள் வைத்துப் பிடித்துக் கோணிச்சாக்கில் கட்டி, வேனில் ஏற்றி, ஊருக்கு வெளியே தரிசு நிலத்தில் அவிழ்த்துவிட்டு வந்தார்கள். ஒரு சாக்கு பாதி வழி வரை கத்திக்கொண்டே இருந்ததாம், பிறகு சத்தமே இல்லையாம். டிரைவர் வந்து சொன்னார். அதை நான் கோப்பில் எழுதவில்லை. டீசல் பில்லை மட்டும் பாஸ் செய்தேன். இப்படி ஒரு பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கொண்டுபோய் விடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது அன்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

பலன் என்ன? அடுத்த வருடமே விடுதி மெஸ்ஸின் பின்பக்கம் பழையபடி பூனைகள். மெஸ்ஸில் எச்சில் சோறு இருக்கிறது, பண்டக அறையில் எலி இருக்கிறது. பத்துப் பூனையைத் தூக்கினால் அந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருப் பூனைகள் வந்து சேருகின்றன. போதாததற்கு, அட்டைப்பெட்டியில் குட்டிகளைப் போட்டு இரவோடு இரவாக கேட் ஓரம் வைத்துவிட்டுப் போகிறவர்கள் யார்? வெளியூர்க்காரர்களா? நம் தெருக்காரர்கள்தான். மனுவில் இருக்கும் கையெழுத்துகளில் ஒன்றிரண்டின் வீட்டுக் குட்டிகளை எனக்கே அடையாளம் தெரியும்.

சரி, அந்த மாணவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று ஒரு மாதமாகக் கவனித்தேன். வெறும் சோறு வைப்பதென்று நினைத்திருந்தேன். அது பாதி வேலைதான். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். பூனை அந்த நேரத்துக்குப் பழகிவிடும். பிறகு ஒருநாள் கூண்டுக்குள் தீனி வைத்துப் பிடித்து, மயக்க மருந்துக்காக இரவு முழுக்கப் பட்டினி போட்டு, காலையில் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்கிறார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அப்போதே. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைச் சிறிது வெட்டிவிடுகிறார்கள். அதே பூனையை மறுபடி பிடிக்காமல் இருக்க அடையாளம். ஓரிரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். செலவு முழுக்க அவர்கள் கைக்காசு. விடுதியில் டீக்குக் கணக்குப் பார்க்கும் பிள்ளைகள்.

ராத்திரியில் கத்தித் தொலைக்கின்றன என்பது மனுவில் முதல் புகார். கத்துவது பருவத்துக்கு வந்த பெட்டையும் அதற்காகச் சண்டை போடும் கடுவன்களும். ஆபரேஷன் ஆனால் அந்தக் கத்தல் அடங்குகிறது, கடுவன் மூத்திர நாற்றமும் குறைகிறது. பூனை ஐந்தாம் மாதத்திலேயே சினைப்படலாம், இரண்டே மாதத்தில் குட்டி போடும். இதைச் சோற்றை நிறுத்தி நிறுத்திவிட முடியுமா?

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ஒரு ஆய்வுக் கட்டுரையை எனக்குப் படித்துக் காட்டினான். அமெரிக்காவில் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 2002 வரை தன்னார்வலர்கள் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். மொத்தம் 155 பூனைகள். 1995-க்குப் பிறகு அங்கே ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. பாதிக்குச் சற்றுக் குறைவானவை வீடுகளுக்குத் தத்துப் போயின. கடைசியில் மிஞ்சியவை 23. பதினோரு வருடம் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். என் வேன் ஒரே நாளில் முடித்தது. ஆனால் அந்த வேலை ஒரு வருடம்கூடத் தாங்கவில்லையே.

பறவைகளைப் பற்றி ஒரு நண்பர் கேட்டார். அது நியாயமான கேள்வி. பூனை அணிலையும் குருவியையும் பிடிக்கும். வயிறு நிறைந்திருந்தாலும் பிடிக்கும். மாணவர்கள் இதற்கு மழுப்பலாகத்தான் பதில் சொல்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. பூனைகள் எண்ணிக்கையில் குறைந்தால்தான் குருவிக்கு விடிவு. குறைக்கிற வேலையைச் செய்பவர்களை விரட்டிவிட்டுக் குருவிக்காகக் கண்ணீர் விடுவது என்ன கணக்கு? இன்னொன்றும் அவர்களிடம் சொன்னேன்: தின்று மிச்சமானதை அரை மணியில் எடுத்துவிடுங்கள், எறும்பும் பெருச்சாளியும் வருகின்றன என்று. இப்போது எடுக்கிறார்கள்.

நம்மவர்களிலும் சிலர் புண்ணியத்துக்கென்று சிரட்டையில் பால் ஊற்றிவிட்டுப் போகிறீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். தவிர, கண்ட நேரத்தில் வயிறு நிறைந்த பூனை கூண்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அந்தப் பால் காசை அவர்களிடம் கொடுங்கள்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கட்டுகிறவர்கள் வந்திருக்கும்போது அவர்களை நிறுத்தச் சொல்லி மனு எழுதுகிறோம். மனுவைக் கொண்டுபோகும் நண்பர் திங்கட்கிழமைதான் அலுவலகம் போகிறார். பெயரை அடித்துவிட நினைப்பவர்களுக்கு நாளை ஒருநாள் இருக்கிறது. நாளை காலை ஆறு மணிக்கு நூலகத்தின் பின்புறம் ஒரு சினைப் பெட்டையைப் பிடிக்கப் போகிறார்கள். கூண்டைத் தூக்க ஆள் குறைவு. நான் போகிறேன். ஆட்டோவுக்கு என் பென்ஷனிலிருந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.