தாயிடம் ஏன் கேட்கிறார்கள்?

விரல்கள் ஒட்டி, நெற்றி உயர்ந்து, கண்கள் வெளித்தள்ளியபடி பிள்ளை பிறந்தால், முதற்கேள்வி தாயிடம்தான். கிரகணத்தில் வெளியே போனாயா? சண்டைக்காலத்துப் பயம் உடம்பில் கிடந்ததாலோ? கேட்டுக்கேட்டு அவளும் நம்பிவிடுகிறாள்.

சகோதரிகளே, இது அப்பேர்ட் நோய். 1906இல் பிரெஞ்சு வைத்தியர் அப்பேர்ட் விபரித்தது. மிக அரிது, ஏறத்தாழ 65,000 பிறப்புகளுக்கு ஒன்று. மண்டையோட்டு எலும்புகளின் பொருத்துகள் மூளை வளரமுன்னரே மூடிக்கொள்கின்றன. காரணம் ஒரேயொரு மரபணுவில் ஏற்படும் மாற்றமென்று 1995இல் கண்டார்கள். மறுவருடம் வந்த ஆய்வில், நோயில்லாத பெற்றோருக்குப் பிறந்த 57 பிள்ளைகளைப் பார்த்தபோது, அத்தனை பேரிலும் அந்தப் புதுமாற்றம் தகப்பன் வழியாகவே வந்திருந்தது. தகப்பனின் வயது கூடினால் வாய்ப்பும் கூடும். (மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அதற்காக அவர் மகனையும் பழிக்கவேண்டாம்; வேண்டுமென்று யாரும் செய்வதல்ல.) பெற்றோருக்கு நோயில்லையென்றால் அடுத்த பிள்ளைக்கு வருவது மிக அரிது.

சாத்திரம் கேட்டு மாதங்களைப் போக்காதீர்கள். மண்டையோட்டுச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் முதல் வருடத்திலேயே செய்யப்படும். விரல்களைப் படிப்படியாகப் பிரிப்பார்கள். பிள்ளை மூச்சுவிடத் திணறினால், பால் குடிக்கக் கஷ்டப்பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்றப்படி மருத்துவமாதுவிடம் சொல்லி, குழந்தை வைத்திய நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். போகும்போது தகப்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.