விமானம் நொறுங்கினால் விமானி மட்டும்தான் குற்றவாளியா?

லாரி மோதினால் போலீசார் எழுதுவது ஒரே வரி: "டிரைவரின் அஜாக்கிரதை". கேஸ் முடிந்தது! ரோட்டில் பள்ளம் இருந்ததா, முதலாளி அவரை ராத்திரி தூங்க விட்டாரா என்று யாரும் கேட்பதில்லை.

சின்ன விமானம் இறங்கும்போது நொறுங்கினாலும் இதே கதைதான். "விமானியின் தவறு" என்று சொல்லி ஃபைலைக் கட்டிவிடுகிறார்கள்.

நேபாளத்தில் லுக்லா என்று ஒரு மலை ஊர். எவரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் வந்து இறங்கும் இடம். ஓடுபாதையின் நீளம் வெறும் 527 மீட்டர்! ஒரு முனையில் அதலபாதாளம், மறுமுனையில் மலைச்சுவர். பாதையே மேல்நோக்கி ஏறும். அந்த ஏற்றம்தான் பாதி பிரேக். தாழ வந்த பிறகு, "வேண்டாம், இன்னொரு சுற்று வரலாம்" என்று விமானி நினைத்தாலும் முடியாது. எதிரே மலை நிற்கிறது.

இங்கே கண்ணால் பார்த்துத்தான் இறங்கவேண்டும். 2008 அக்டோபர் 8-ந்தேதி 19 பேருடன் ஒரு 'ட்வின் ஆட்டர்' விமானம் வந்தது. மூடுபனி கண்ணை மறைத்தது. ஓடுபாதைக்குச் சற்று முன்னாலேயே மோதித் தீப்பிடித்தது. 18 பேர் பலி! தப்பியவர் கேப்டன் ஒருவர்தான்.

பனியில் ஏன் இறங்கவேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் லுக்லாவுக்குப் பறக்கத் தோதான நேரமே காலைதான். மதியம் ஆனால் காற்றும் மேகமும் சூழ்ந்துவிடும். திரும்பிப் போனால் கம்பெனிக்கு ஒரு ட்ரிப் நஷ்டம், பயணிகள் முணுமுணுப்பு வேறு. நாம் மட்டும் என்ன? பஸ் பத்து நிமிஷம் லேட்டானால் கண்டக்டரைப் பிடித்துக் கத்துகிறோமே!

2023 ஜனவரி 15-ந்தேதி பொக்காராவில் நடந்தது இன்னும் கொடுமை. இறங்கப்போகிற நேரம். இறக்கையின் மடலை இறக்கவேண்டிய கை, பக்கத்தில் இருந்த வேறு லீவர்களை இழுத்துவிட்டது. இரண்டு புரொப்பல்லர்களும் இழுவையை இழந்தன. விமானத்தில் இருந்த 72 பேரும் பலி. அதில் 5 பேர் இந்தியர்கள்.

அந்த விமான நிலையம் திறந்து இரண்டே வாரம்தான் ஆகியிருந்தது. நெருக்கமாகத் திரும்பி இறங்கவேண்டிய வழி. வேலைப்பளு, பதற்றம், பயிற்சி போதாமை என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது. கை தவறியது நிஜம். தவறும்படி விட்டது யார்?

நேபாளத்தில் விமான நிலையங்களை நடத்தியதும், விமானக் கம்பெனிகளைச் சோதித்ததும் ஒரே அலுவலகம். பரீட்சை எழுதுகிறவரே மார்க்கும் போட்டுக்கொள்கிற கதை! 2013-இல் ஐரோப்பிய நாடுகள் நேபாளக் கம்பெனிகளின் விமானங்களுக்குத் தடை போட்டன. அலுவலகத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்றும் வெளியில் இருந்து பல தடவை சொல்லிப் பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்து, பொக்காராவில் 72 பேர் செத்த அன்றும் அது ஒரே அலுவலகம்தான்.