கொசுவை எண்ண ஒரு ஒப்பந்தம்

போனக்காட்டில் தேயிலை ஆலை ஓய்ந்து பல ஆண்டுகளாகின்றன. தொழிலாளர் குடும்பங்கள் வாழும் பழைய லயங்களைச் சுற்றி மழைநீர் தேங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ஏடிஸ் கொசுவுக்குச் சிரட்டை நீரே தாராளம். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம். 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா நோயாளி கண்டறியப்பட்டதும் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான்.

நோயாளியைக் கண்ட பிறகு கொசுவைத் தேடுவது பழைய முறை. ஆந்திர அரசு 2025-ல் அறிவித்தது வேறு: விஜயவாடா, விசாகப்பட்டினம் உள்ளிட்ட 6 மாநகராட்சிகளில் 66 இடங்களில் கண்காணிப்பு. கொசுவின் இனம், பால், அடர்த்தி ஆகியவற்றை உணரிகளே கணக்கிடும். பெருகும் இடத்தில் மருந்து தெளிக்கப்படும். பொறுப்பு தனியார் நிறுவனங்களுக்கு. பணம் பலனைப் பொறுத்து.

எது பலன்? கொசுவை எண்ணியதா, காய்ச்சலைக் குறைத்ததா? ஒப்பந்தம் தெளிவாகச் சொல்ல வேண்டிய இடம் இது. கணக்கு அன்றன்றே சுகாதார ஆய்வாளரின் மேஜைக்கு வர வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால், புழுக்கள் சிறகு முளைத்துப் பறந்திருக்கும்.

மாநகரங்களைத் தாண்டி மலைத் தோட்டங்களுக்குப் பொறி எப்போது வருமோ? வந்தாலும் ஒன்று நிச்சயம்: இயந்திரம் கொசுவை எண்ணும், சிரட்டையைக் கவிழ்க்க ஆள் வேண்டும்.